சிப்பிப்பாறைக் குட்டி, இரண்டாவது மாடி, பக்கத்தில் ஒரு பூங்கா

கேள்வி இது: சென்னையில் அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. நான்கு மாதச் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். குட்டி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது, ஆளில்லாதபோது குரைக்கிறது. நாயை லிஃப்டில் ஏற்றாதீர்கள் என்கிறது குடியிருப்போர் சங்கம். பக்கத்துப் பூங்காவில் வாட்ச்மேன் உள்ளே விட மறுக்கிறார். என்ன செய்யலாம்?

நான்கும் தனித்தனிப் பிரச்சினைகள். நான்கையும் சரிசெய்ய முடியும். ஆனால் முதல் வாரத்திலேயே பூங்காவில் போய் நிற்க நினைக்காதீர்கள். வீட்டில் தொடங்குவோம்.

நான்கு மாதக் குட்டியால் பகலில் விழித்திருக்கும்போது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அசையாமல் தூங்கினால் ஐந்து மணி நேரம் வரை தாங்கும். காலை ஒன்பதுக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறுக்குத் திறந்தால் தரை நனைந்துதான் இருக்கும், அதில் குட்டியின் தவறு எதுவும் இல்லை. ஆறேழு மாதம் ஆகும்வரை மதியம் ஒருவர் வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் பால்கனியில் புல்தரைத் தட்டு ஒன்று வைத்து, ஒரே இடத்திலேயே வையுங்கள். இன்று தட்டு, நாளை செய்தித்தாள், மறுநாள் கால்மிதியடி என்று மாற்றினால், காலுக்கு மெத்தென்று படும் எதிலும் போகலாம் என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டு பதினைந்து நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன். இந்த நான்கு நேரங்களையும் தவறவிடாதீர்கள். இரண்டு மாடி இறங்குவதற்குள் வழியிலேயே போய்விடும் என்பதால் இந்த ஒரு மாதம் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். தினமும் மற்ற நாய்கள் வராத அதே மரத்தடி. அங்கே ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். போய் முடித்த இரண்டு மூன்று விநாடிக்குள் கையில் இருக்கும் வேகவைத்த கோழித் துண்டைக் கொடுங்கள். மாடிக்கு வந்து கொடுத்தால் படியேறியதற்குக் கிடைத்த பரிசு என்றே அதற்குத் தோன்றும். இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை: சிறுநீர் போன உடனே வீட்டுக்குத் திரும்பாதீர்கள். போனால் உலா முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்ட குட்டி வெளியே அடக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போகும். போன பிறகு பத்து நிமிடமாவது முகர்ந்து சுற்ற விடுங்கள்.

வீட்டுக்குள் போய்விட்டால் முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு நொதி (என்சைம்) கலந்த கிளீனர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அது கிடைக்காவிட்டால் வினிகரும் தண்ணீரும் சமபங்கு. ஃபினாயில் நம் மூக்குக்கு மட்டும்தான் வாடையை மறைக்கிறது, நாயின் மூக்குக்கு அல்ல. அதோடு அதில் நடந்த பாதத்தை நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அதன் வாடையே சிறுநீர் வாடை போலத்தான். மூக்கைத் தரையில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். அடிபட்ட குட்டி, சிறுநீர் போவது தப்பு என்று கற்பதில்லை, உங்கள் முன்னால் போவது ஆபத்து என்று கற்கிறது. பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே நீங்கள் பக்கத்தில் நின்றாலும் போகாது. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

குரைப்புக்கு மருந்து தேடும் முன் ஒரு பழைய போனை வீட்டில் ஒலிப்பதிவில் போட்டுவிட்டுப் போங்கள். கதவு சாத்திய சில நிமிடங்களிலேயே ஊளையும் பிராண்டலும் தொடங்கினால் அது தனிமைப் பதற்றம். அரை மணி அமைதியாக இருந்துவிட்டு, லிஃப்ட் கதவுச் சத்தத்துக்கோ கூரியர்காரர் குரலுக்கோ குரைத்தால் அது காவல் குரைப்பு. இரண்டாவது வகைக்கு, வாசலை ஒட்டிய அறையில் விடாமல் உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்தோடு விட்டாலே பாதி குறைந்துவிடும். முதல் வகைக்குப் பொறுமை வேண்டும். வெளியே போய் பத்து விநாடியில் திரும்புங்கள். பிறகு முப்பது விநாடி, ஒரு நிமிடம், மூன்று, ஐந்து, பத்து. ஒரு படியில் அமைதியாக இருந்தால் மட்டுமே அடுத்த படி. சாவியை எடுப்பதும் செருப்பு மாட்டுவதும்கூட அதற்கு எச்சரிக்கை மணிதான். அதனால் சாவியை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. முதல் அரை மணியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அடுத்த சில மணி நேரம் தூங்கிவிடும். கிளம்பும் முன் இருபது நிமிடம் முகர்ந்து நடக்க விட்டு, பழைய துண்டு ஒன்றில் தீனியைத் தூவி, தளர்வாகச் சுருட்டிக் கொடுங்கள். துண்டையே கடித்து விழுங்கும் குட்டியாக இருந்தால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். தெருவில் போகும் ஒவ்வொரு நாய்க்கும் குரைக்கும், வெயிலும் தாக்கும். சிப்பிப்பாறை துள்ளிப் பாயும் இனம் வேறு, இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் அதற்கு ஒன்றுமே இல்லை. பால்கனிக்கு முழு உயர வலை அடித்துவிடுங்கள்.

இந்த வயதில் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைப்பதால் ஈறு நமநமக்கும். கடிக்கத்தான் செய்யும். போன் சார்ஜரின் வயர்களை உயரத்தில் ஏற்றிவிட்டு, ஃப்ரீஸரில் உறைய வைத்த பெரிய கேரட் கொடுங்கள். சமைத்த எலும்பு வேண்டாம், ஊசி ஊசியாகப் பிளந்து குடலில் குத்தும்.

இனி வெளியே போகும் விஷயம். விருதுநகர் பக்கத்துச் சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனம். கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். உங்கள் குட்டிக்கு வேறு நாய்களுக்கு இல்லாத இரண்டு சிக்கல்கள் இதனால் வருகின்றன.

ஒன்று, அதன் தலை கழுத்தைவிட ஒடுக்கம். சாதாரணக் கழுத்துப் பெல்ட்டை மாட்டினால், பயந்து பின்வாங்கும் நொடியில் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். பல நாய்கள் தொலைவது இப்படித்தான், அதுவும் பட்டாசுச் சத்தத்தில். மார்ட்டிங்கேல் பெல்ட் என்று கேட்டு வாங்குங்கள். இழுத்தால் கழுத்தளவுக்கு மட்டும் இறுகி அங்கேயே நின்றுவிடும். இழுத்துப் பிடித்த நிலையில் அதன் இரண்டு இரும்பு வளையங்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் பெல்ட் பெரிதாக இருக்கிறது என்று பொருள். கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கூடவே நெஞ்சில் ஒய் எழுத்து வடிவில் வரும் ஹார்னஸ் என்ற உடல்வார் ஒன்றும் மாட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது இன்னும் நல்லது. குட்டி வளர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

இரண்டு, அணிலைக் கண்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. சென்னைப் பூங்காக்களில் அணிலுக்கா பஞ்சம்! ஆகவே ஐந்தாறு அடி நீளமுள்ள சாதாரண லீஷ், அதாவது நாயைப் பிடிக்கும் கயிறு, போதும். பட்டனை அழுத்தினால் நீளும் வகை வேண்டாம். பதினைந்து அடி தூரத்தில் வேகமெடுத்த நாய் கயிறு முடியும் இடத்தில் வெட்டி நிற்கும்போது அதன் கழுத்தும் உங்கள் தோளும் அடிபடும், இடையில் யார் கால் வந்தாலும் அந்த மெல்லிய கயிறு அறுத்துவிடும். லீஷைக் கையில் பல சுற்றுச் சுற்றிக்கொள்ளாதீர்கள், ஒரே இழுப்பில் விரல் எலும்பு உடையும். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். ஆளில்லாத பூங்காவானாலும் அவிழ்த்து விடாதீர்கள். நன்கு அடைத்த ஆறடிச் சுவரும் பூட்டிய கேட்டும் உள்ள இடத்தில் மட்டும் ஓட விடலாம்.

அடுத்தது வாய்மூடி. கடையில் மசில் என்று கேட்டால் தருவார்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள் அவள். அதற்குப் பிறகு, பூங்காவுக்கு வரும் நாய்க்கு லீஷும் வாய்மூடியும் வேண்டும் என்று மாநகராட்சி அறிவித்தது. உங்கள் வாட்ச்மேன் கெடுபிடி காட்டுவது ஏன் என்பது இதிலிருந்து புரிந்திருக்கும். அவரிடம் சண்டை போட வேண்டாம். மாநகராட்சி உரிமத்தைக் காட்டுங்கள். 

உரிமத்துக்கு மாநகராட்சி இணையதளத்தில் முகவரிச் சான்று, நாயின் படம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், 2025இல் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாயாக இருந்தது. 2025 முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். சிப் என்பது அரிசி மணி அளவுதான். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். அது இருக்குமிடத்தைக் காட்டும் கருவி அல்ல. தொலைந்த நாயை யாராவது மீட்டு ஸ்கேன் செய்தால் 15 இலக்க எண் தெரியும், அதை வைத்து உங்களைக் கண்டுபிடிப்பார்கள். எனவே வீடோ போன் எண்ணோ மாறினால் பதிவையும் மாற்றுங்கள்.

வாய்மூடியில் துணிக்குழாய் போல வாயை இறுக்கும் வகை டாக்டரிடம் ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. நாய்க்கு வியர்வையால் உடம்பு குளிராது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சென்னை வெக்கையில் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தால் வெப்பத்தாக்கில் விழுந்துவிடும். கூடை வடிவம் வாங்குங்கள். உள்ளே வாயை முழுதாகத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். லாப்ரடார் அளவு என்று எழுதியிருப்பது சிப்பிப்பாறையின் நீண்ட, ஒடுங்கிய முகத்தில் நிற்காது. கண்ணுக்குச் சற்றுக் கீழிருந்து மூக்கு நுனி வரை நீளமும், வாய் திறந்திருக்கும்போது மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றளவும் அளந்துகொண்டு போங்கள்.

வாங்கிய அன்றே மாட்டினால் ஆயுசுக்கும் அதை வெறுக்கும். முதல் இரண்டு நாள் கூடையின் உட்புறம் கெட்டித் தயிர் தடவிப் பிடியுங்கள். குட்டி தானாக மூக்கை நுழைத்து நக்கட்டும். நீங்கள் அதன் முகத்தை நோக்கிக் கூடையைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை, நாளைக்கு இரண்டு தடவை. மூன்றாம், நான்காம் நாள் மூக்கு உள்ளே இருக்கும்போதே பத்து விநாடி வரை சிறுசிறு துண்டுகளாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து காதுக்குப் பின்னால் வாரைப் பூட்டி உடனே அவிழுங்கள், பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம். இரண்டாவது வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டு நடை, அப்புறம் படிக்கட்டு, அப்புறம் தெரு. எந்தக் கட்டத்திலாவது முன்னங்காலால் கூடையைப் பிராண்டினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒரு படி பின்னுக்குப் போங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கொடிய நாய்நோய்களைத் தடுக்கும் டிஎச்பிபி தடுப்பூசியின் குட்டிப் பருவ வரிசை பதினாறு வாரம் வரை, மூன்று நான்கு வார இடைவெளியில் போகும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை மற்ற நாய்கள் மலம் போகும் மண்ணில் இறக்காதீர்கள், பூங்காவும் அதில் சேர்த்தி. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் அதற்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பூங்காவில் முதல் மூன்று நாள் உள்ளே போகவே வேண்டாம். கேட்டுக்கு வெளியே, ஆட்கள் போவது வருவது தெரியும் தூரத்தில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். குட்டி குழந்தைகளைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு. உள்ளே போகத் தொடங்கியபின் காலை ஆறு மணிக்கு முன்போ, இரவு கூட்டம் குறைந்த பிறகோ போங்கள். ஊஞ்சல், சறுக்கு இருக்கும் பக்கம் வேண்டாம். நடைபாதையில் ஒருவர் எதிரே வந்தால் நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றி, நாய்க்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் வந்துவிடுங்கள்.

ஒருவர் ஒதுங்கினால் "ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க" என்று சொல்லாதீர்கள். நாய் வளர்ப்பவர்கள் மேல் ஊராருக்கு இருக்கும் கோபத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்தால் வந்தது. அவர் சின்ன வயதில் கடிபட்டவராக இருக்கலாம், தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தின் நினைவு அவருக்கு இருக்கலாம். உங்கள் நாயை அவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. லீஷைக் குறுக்கிப் பிடித்து, "நீங்க போங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றால் போதும். குழந்தை தொட ஆசைப்பட்டால் அதன் பெற்றோர் சம்மதமும் வேண்டும், குட்டியின் சம்மதமும் வேண்டும். குட்டி தானாக முன்னால் வந்தால் நெஞ்சுப்பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி நெருங்கினால் தொடரலாம். தலைக்கு மேலிருந்து கை வருவதும் கட்டிப்பிடிப்பதும் நாய்க்குப் பயம். உதட்டை நக்குதல், தூக்கம் வராதபோதும் விடும் கொட்டாவி, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், உடம்பு விறைத்தல் இவையெல்லாம் போதும் என்று சொல்வதுதான். வால் ஆடுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், விறைத்த உடம்போடும் வால் ஆடும். உறுமினால் அடிக்காமல் விலக்கிக் கூட்டிப்போங்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

தெருநாய்கள் பூங்காவைவிடப் பெரிய பாடு. ஒவ்வொரு முனையும் ஒரு கூட்டத்தின் எல்லை. எந்த எல்லை எங்கே முடிகிறது என்று குட்டி இல்லாமல் இரண்டு நாள் நடந்து பார்த்துப் பாதையை முடிவு செய்யுங்கள். எதிர்ப்பட்டால் லீஷை இறுக்காமல், அவற்றை முறைக்காமல், வளைந்து விலகி நடங்கள். ஓடாதீர்கள். நெருங்கி வந்தால் கைநிறையத் தீனியை அவற்றின் பின்பக்கம் எறியுங்கள். அவை குனியும் நேரம் உங்களுக்குப் போதும். பட்டனில் விரியும் குடை ஒன்று கையில் இருந்தால் நடுவில் விரித்துத் தடுக்கலாம், ஆனால் அந்தச் சத்தத்துக்கு முதலில் உங்கள் குட்டியை வீட்டில் பழக்க வேண்டும். சண்டை மூண்டுவிட்டால் வாய்ப்பக்கம் கையை விடாதீர்கள், தண்ணீரைக் கொட்டுங்கள்.

மலம் அள்ளுவதற்கு விலையுயர்ந்த பை வேண்டியதில்லை. நாய் குந்தும்போதே பழைய செய்தித்தாளைக் கீழே நீட்டிவிட்டால் தரையில் படாமலே முடிந்துவிடும். பையானால் எப்போதும் இரண்டு. இரண்டாவது முறையும் போகும், அப்போதுதான் பலர் சுற்றிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். மாட்டுச்சாணம் போல உரமாகிவிடும் என்பது தவறு. நாய் மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இருக்கும். வெறுங்காலோடு மணலில் விளையாடும் குழந்தையின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உள்ளே நுழையும். குட்டிக்கு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு மருந்து கொடுங்கள். பூங்காவில் நடப்பவர்கள் அன்பாகப் போடும் பிஸ்கட்டைத் தடுத்துவிடுங்கள், இளக்கமான மலத்தை எந்தப் பையாலும் அள்ள முடியாது. வீட்டிலும் சாம்பார் சாதம் வேண்டாம், அதிலிருக்கும் வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெயில் பற்றி ஒன்றே ஒன்று: புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் குட்டியின் பாதத்துக்கும் முடியாது. உலா முடிந்து வந்ததும் காதுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில் உண்ணி பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசலிலும் கட்டிலடியிலும் இருக்கும். உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து உயிரையே எடுக்கும், ஆகவே டாக்டரிடம் எடை பார்த்து மாதாந்தர மாத்திரையோ மூன்று மாத மாத்திரையோ வாங்கிக் கொடுங்கள்.

லிஃப்ட் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். நாயை வளர்க்கக் கூடாது என்றோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. அதை அச்சடித்துச் செயலாளரிடம் கொடுங்கள், கையோடு உரிமத்தின் நகலையும் தடுப்பூசிச் சான்றையும் கொடுங்கள். கொடுத்த பிறகும் லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். உள்ளே ஏறினால் குட்டியை மூலையில் உட்காரவைத்து நீங்கள் கதவுப் பக்கம் நில்லுங்கள். கதவு திறந்ததும் பாய்ந்து வெளியேறுவதுதான் பெரும்பாலான அலறலுக்குக் காரணம்.

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் பல் பட்டுவிடலாம். பட்டால் உடனே பெயரையும் போன் எண்ணையும் கொடுங்கள், அங்கிருந்து நகர்ந்துவிடாதீர்கள். அலட்சியமாக நாயை விட்டதற்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதைவிட முக்கியம் கடிபட்டவரின் உடம்பு. சின்னக் கீறலானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க விடாதீர்கள். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி அவரை நிறுத்தாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள். தோலில் போடும் முறையில் முதல் ஊசி அன்றே, அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து மற்றவை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் முதல் நாளே போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாள் வீட்டோடு வைத்துக் கண்காணித்து, அது நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறது என்பதைத் தினமும் அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள்.